கித்னாக்கா

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கம்பெனி அதை அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டியும் விட்டிருந்தது. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் அந்த ஷெட்டில் எல்லோருக்கும் அவள் கித்னாக்காதான். முகத்துக்கு நேராகவே சொல்லுவோம். அவளும் ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

கித்னா என்றால் இந்தியில் எவ்வளவு. எதிரில் வருவது யாராக இருந்தாலும் அவளுக்குக் கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. உனக்குச் சம்பளம் எவ்வளவு? மற்றவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லையா, அந்த மாதிரி கேட்பாள். தமிழ் ஆளிடம் எவ்ளோ, கன்னடக்காரரிடம் எஷ்டு, தன் வீட்டுப் பாஷையான தெலுங்கில் எந்த. வடக்கிலிருந்து பெண்கள் வந்து இறங்கிய பிறகு கித்னாவும் சேர்ந்துகொண்டது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

நான் திருக்கோவிலூர்ப் பக்கம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை அவளுக்குப் பக்கத்து போர்டில் நிறுத்தினார்கள். போர்டு என்பது ஆள் நீளத்துக்கு ஒரு பலகை. அதில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். ஆணிகளுக்கு நடுவே வயர்களைப் படுக்க வைத்து, கறுப்பு டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அவள் தலையைத் திருப்பாமல், "எந்த?" என்றாள்.

"திருக்கோவிலூரு, அக்கா" என்றேன்.

"அது எந்த?"

"திருவண்ணாமல தாண்டி."

"ஊர யாரும்மா கேட்டாங்க. சம்பளம் எந்த? எவ்ளோ பேசி இட்டாந்தாங்க உன்ன?"

எனக்குச் சுருக்கென்றது. சம்பளத்தைப் பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது என்று அப்போதுதான் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொன்னேன். "அவரு சொல்லாம இன்னா பண்ணுவாரு. நாம பேசிக்கிட்டா அவருக்குத்தான தொல்ல" என்று டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் என் வாயிலிருந்து வரவழைத்தும் விட்டாள். பதினொன்று. அவளுக்கும் பதினோராயிரம்தான். எனக்கு முன்னால் நான்கு வருடம் அதே போர்டில் நின்றவளுக்கும் அன்றைக்கு வந்த எனக்கும் ஒரே சம்பளம். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அவளோடு வெளியில் போவதைப் போலத் தலைவலி வேறு கிடையாது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கேட்பாள். டீக்கடையில் வடை போடுகிறவரிடம் கேட்பாள். அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட வந்த நர்சம்மாவிடம் கேட்டு, அந்தம்மா கோபத்தில் ஊசியை இறக்கியது இறக்கியதுதான். இரண்டு நாள் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அவள் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையன் வீட்டார் நாற்பது என்றார்களாம். "கைல வர்றது எவ்ளோ, பிடிச்சது போக?" என்று இவள் சபையில் கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. "போகட்டும் விடு, பதினெட்டுதான் வருதாம். பெறகு தெரிஞ்சுது" என்று அதையும் பெருமையாகவே சொன்னாள்.

"ஆம்பளைங்க ரெண்டு கூட்டிச் சொல்லுவாங்க. பொம்பளைங்க ஒண்ணு கொறச்சுச் சொல்லுவோம். ஒரே ஆள மூணு தபா கேட்டாத்தான் நெசம் வரும்" என்பாள்.

ஏன்க்கா இப்படி மானத்தை வாங்குகிறாய் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அப்போதுதான் சொன்னாள். இங்கே வருவதற்கு முன் தளிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டினாளாம். பாலிதீன் கூரைக்கு அடியில் ஆறு வருடம். பக்கத்துப் பாத்தியில் வெட்டியவள் இவளுடைய சொந்தக்காரி, ஒரே வயது, ஒரே வேலை. தோட்டம் கைமாறிய பிறகுதான் தெரிந்ததாம், அவளுக்கு நாளைக்கு இருபது ரூபாய் அதிகம் என்று. "ஆறு வருசம் தோளோட தோள் நின்னோம். நான் கேக்கல. அவளும் சொல்லல. மொதலாளி மேல எனக்குக் கோவமே வரல தெரியுமா. எம் மேலதான் வந்துச்சு."

அதற்குப் பிறகு நான் அவளைத் திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். திட்டினேன். கொஞ்சம் குறைத்துத் திட்டினேன்.

அவளுக்கு இரண்டு கறவை மாடுகள் இருந்தன. தளி ரோட்டில் இறங்கி உள்ளே நடந்து போகிற ஊர். புருஷன் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக்கு வாட்ச்மேன். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவான். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் பால் கறந்து, சொசைட்டி மூடுவதற்குள் கொண்டுபோய் ஊற்ற முடியும். அந்தப் பஸ்ஸை விட்டால் மாடும் இல்லை, வீடும் இல்லை என்பாள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஷிஃப்டை நீட்டலாமா என்று கம்பெனி எங்களிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தது. இரண்டு முறையும் எங்களுக்கு முன்னால் எழுந்து நின்று முடியாது என்றவள் அவள்தான். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. என் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. ஐந்தரைக்கு மேல் டியூஷன் டீச்சர் வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நாலாம் லைன் வந்தது. பின்பக்க ஷெட்டில் புதிதாக ஒரு லைன். ஜார்க்கண்ட் என்றார்கள், ஒடிசா என்றார்கள். இருபத்துநான்கு பெண்கள். எங்களைச் சேர்த்துவிட்ட அதே கான்ட்ராக்டர்தான் அவர்களை ஹாஸ்டலில் வைத்திருந்தார். வேனில் ஏற்றிப் பின் கேட் வழியாகக் கொண்டுவந்து, பின் கேட் வழியாகவே கொண்டுபோனார். எட்டரைக்கு நாங்கள் உள்ளே நுழையும்போது அவர்கள் போர்டில் இருப்பார்கள். ஐந்து மணிக்கு நாங்கள் கைகழுவும்போதும் போர்டிலேயே இருப்பார்கள்.

அதுவரை எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஓவர்டைம் இருந்தது. முடிகிறவர்கள் நிற்போம். பெண்ணை அழைத்துவர யாராவது கிடைக்கிற நாளில் நானும் நிற்பேன். அவர்கள் வந்த மாதத்திலிருந்து அது நின்றுபோனது. ஆயுத பூஜைக்கு முன் கான்ட்ராக்டர் சம்பள உயர்வு சொல்லுவது வழக்கம். நான் சேர்ந்த அந்த வருடம் வந்து, இந்தத் தடவை ஒன்றும் இல்லை என்றார். ஒருத்தி ஏன் என்று கேட்டதற்கு, "இஷ்டம்னா நில்லுங்க. இன்னொரு வேன் ஆளுங்க ரயில்ல வந்துட்டு இருக்காங்க" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஓவர்டைமைத் தின்றவர்கள், எங்கள் உயர்வையும் தின்றவர்கள் அந்த இருபத்துநான்கு பேர்தான் என்று எங்களுக்கு முடிவாகிவிட்டது. எனக்கு முதலில் முடிவானது. அதை மறைப்பதில் என்ன இருக்கிறது?

ஊரெல்லாம் அப்போது அதே பேச்சு. டீக்கடையில், பஸ்ஸில், வீட்டு டி.வி.யில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பேச விடாமல். ஒரு கட்சி, இந்திக்காரர்கள் வந்து கூலியை இறக்கிவிட்டார்கள் என்னும். இன்னொரு கட்சி, நம்ம ஆட்களுக்கு வேலை செய்ய உடம்பு வணங்குவதில்லை, அவர்கள் வராவிட்டால் ஓசூரே படுத்துவிடும் என்னும். இரண்டாவது கட்சியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போகிறவளைப் பார்த்து, வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் சொல்லுகிறார்.

கித்னாக்காவைக் கேட்டால் ஒரு பக்கமும் சாய மாட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கூட்டம். மைக்கில் ஒருவர், மண்ணின் மக்களுக்கே வேலை என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்று கை தட்டினேன். அவள் காத்திருந்து, அவர் இறங்கி வந்ததும் நேராகப் போய், "தம்பி, உங்க ஷெட்டுல எவ்ளோ குடுக்கறீங்க?" என்றாள். அவர் பெயின்ட் அடிக்கும் ஷெட் ஒன்று வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே வேலை செய்வது ஆறு பேர், ஆறு பேரும் பீகார்.

"அது வேற விசயம்க்கா" என்றார் அவர்.

"வேறயா?" என்று அவள் உண்மையிலேயே கேட்டாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு முறை, உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டாள். "யாரு உள்ளூரு? நம்ம லைன்ல நானும் இன்னும் ரெண்டு பேரும்தான் இங்கயே பொறந்தது. எங்கள நீங்க தெலுங்குக்காரம்மான்றீங்க. நீ திருக்கோவிலூரு. சூப்பர்வைசர் சேலம்." எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. நான் தமிழ்நாட்டுக்குள் வந்தவள், அதுவும் இதுவும் ஒன்றா? அவள் விட்டுக்கொடுக்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. மூன்றாம் நாள் என் டிபன் டப்பாவில் ஒரு கரண்டி தயிரை ஊற்றிவிட்டுப் போனாள்.

ஆனால் அவளாலும் சும்மா இருக்க முடியவில்லை. நாலாம் லைன் பெண்களைச் சம்பளம் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பின்பக்கம் தண்ணீர்க் குழாயில் மட்டும்தான் இரண்டு பக்கத்துக் கூட்டமும் சந்தித்துக்கொள்ளும். யாரிடமோ கேட்டு கித்னா என்ற சொல்லைக் கற்று வந்தாள். இந்தி எண்கள் அவளுக்கு இருபது வரை தெரியும். சின்ன வயதில் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடை இறக்கியபோது, பெங்களூரிலிருந்து ஏலம் எடுக்க வரும் வியாபாரிகளிடம் பிடித்துக்கொண்டது. பத்து நாள் போல ஒவ்வொருத்தியாகப் பார்த்து கித்னா, கித்னா என்று கேட்டாள். எல்லாரும் பயந்து நகர்ந்துபோனார்கள். பதினோராம் நாள், மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருந்த ஒரு பெண் பாட்டிலை நிரப்பிக்கொண்டே ஒரு சொல் சொன்னாள்.

"பாரா."

கித்னாக்கா வேகமாக வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "பன்னெண்டாம்" என்றாள்.

பன்னிரண்டு. எங்களுக்குப் பதினொன்று. நேற்று ரயிலேறி வந்தவர்களுக்குப் பன்னிரண்டு, அதற்கு மேல் தினமும் ஓவர்டைம் வேறு. என் கையிலிருந்த டேப் உருளையைத் தூக்கிப் பலகையில் அடித்தேன். அது உருண்டு மூன்றாவது போர்டுக்குப் போனது, பன்னிரண்டு என்ற செய்தியும் கூடவே போனது. டீ நேரம் வருவதற்குள் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியவள் நான்.

மறுநாள் காலை டீக்குப் பிறகு நாங்கள் முப்பத்தொரு பேரும் கேன்டீனை விட்டு நகரவில்லை. அரை மணி நேரம் லைன் நின்றது. எச்.ஆர். சார் வந்தார். மெல்லிய ஆள், அதிர்ந்து பேச மாட்டார். நான்தான் முன்னால் நின்று சொன்னேன். "நாலாம் லைனுக்கு இன்னா குடுக்கறீங்களோ அதயே எங்களுக்கும் குடுங்க சார். இல்ல, அவங்கள அனுப்புங்க."

அவர் ஒரு நொடி விழித்தார். "அவங்களுக்கு இருக்கறது உங்களுக்கும் வேணுமா?"

"வேணும் சார்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் முகத்தில் ஏதோ ஓடி நின்றது. அப்போது எனக்கு அது பயம் என்று பட்டது. "சரிம்மா. வாயால சொன்னா நான் மேல எப்படிப் பேசறது? எழுதிக் குடுங்க. அவங்களோட நிபந்தனை எங்களுக்கும் வேணும்னு ஒரு லெட்டரா குடுங்க. நான் வாங்கித் தரேன்."

பிளஸ் டூ முடித்தவள் அங்கே நான் ஒருத்திதான். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். நானே எழுதினேன். 'நான்காம் லைனில் பணிபுரிபவர்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளை எங்களுக்கும் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' படித்துக் காட்டியபோது எல்லாருக்கும் பிடித்திருந்தது. நிபந்தனை என்ற சொல் ஒரு கனத்தோடு இருந்தது. கித்னாக்கா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"பன்னெண்டாயிரம்னு எழுதினியா?"

"அதெல்லாம் நிபந்தனைல அடங்கிடும்க்கா."

"இருந்தாலும் எழுதிடு. எவ்ளோன்னு இல்லாத காயிதம் எதுக்கு?"

"நாலு பேரு படிக்கற லெட்டரு அக்கா இது. சந்தையில வெல போடற மாதிரி எழுத முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஐந்தாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த கையால் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். தொழிலாளர்களின் எழுத்துபூர்வமான வேண்டுகோளை ஏற்று, ஒன்றாம் தேதியிலிருந்து எல்லா லைன்களுக்கும் ஷிஃப்ட் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. சம்பள மாற்றம் பின்னர் அறிவிக்கப்படும்.

இரண்டு முறை படித்தேன். எனக்கு விளங்கவில்லை. நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த கித்னாக்கா, முடிப்பதற்குள் தண்ணீர்க் குழாய்க்கு நடந்துவிட்டாள். மூக்குக் குத்திய அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பாரா... ருபயா?" என்று விரலைத் தேய்த்துக் காட்டினாள் கித்னாக்கா.

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "நஹி. பாரா கண்டா." சொல்லிவிட்டு, பணம் என்றால் நௌ என்று ஒன்பது விரலைக் காட்டினாள். அதிலும் ஹாஸ்டலுக்கு, சோற்றுக்கு என்று இரண்டு விரலை மடக்கினாள்.

கித்னாக்கா குழாயடித் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. "கண்டான்னா இன்னாக்கா?"

"மணி. பன்னெண்டு மணி நேரம். தெலுங்குல கண்ட, கன்னடத்துல கண்டெ, அவங்களுக்குக் கண்டா. எல்லாம் ஒண்ணுதான்." கையிலிருந்த டேப் பிசுக்கை முந்தானையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நான் ஒரு வார்த்தைல கேட்டேன். அவ ஒரு வார்த்தைல சொன்னா. அந்தக் கண்டாவையும் சேத்துச் சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். அய்யோ தேவுடா."

வேலையைப் பற்றிக் கேட்டதாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டாளாம், எவ்வளவு நேரம் வேலை என்று. அவர்களுக்கு அதுதான் பெரிய எண்ணாக இருந்திருக்கிறது. நாங்கள் ஓவர்டைம் என்று வயிறு எரிந்தது அவர்களுடைய சாதாரண ஷிஃப்ட்.

"ஒழுங்கா கேட்டுட்டு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

"நீ ஒழுங்கா எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள் அவள், கத்தாமல்.

எச்.ஆர். சாரிடம் போனோம். லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றோம். அவர் ஃபைலைத் திறந்து என் குண்டு எழுத்தை என்னிடமே காட்டினார். "நீங்க எழுதினதுதானம்மா. முப்பத்தொரு கையெழுத்து. வேண்டாம்னா அதே முப்பத்தொரு பேரும் போட்டு இன்னொரு லெட்டர் குடுங்க." எழுதினேன். இந்த முறை எட்டு மணி நேரம், பதினொன்று என்று எண் போட்டே எழுதினேன். பத்தொன்பது பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஷிஃப்ட் நீண்டால் படி ஏதாவது தருவார்கள் என்று கான்ட்ராக்டரின் ஆள் மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தான். எங்களோடு கேன்டீனில் நின்றவர்கள்தான். இப்போது என்னைப் பார்த்ததும் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன, வாடகை அவர்களுக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு அவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நாலாம் லைனைக் கூட நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

படி வந்தது. ஆயிரம். நாலு மணி நேரத்தை ஒரு மாதம் முழுக்கக் கொடுத்ததற்கு ஆயிரம்.

கித்னாக்கா ஒன்றாம் தேதிக்கு முந்தின நாளோடு நின்றுகொண்டாள். மாட்டை விற்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். ஒரு மாட்டையாவது விற்கலாமா என்று யோசித்தாள். புருஷனிடம் போனில் கேட்டதற்கு, அவனுக்கு அங்கே பெங்களூரில் பன்னிரண்டு மணி நேரம்தான் டூட்டி, அது உனக்குத் தெரியாதா என்றானாம். "அத்தன பேர கேட்டேன். எங்கூட்டு ஆள எத்தன மணி நேரம்னு நான் கேட்டதே இல்ல பாரு" என்றாள் என்னிடம்.

கடைசி நாள் ஐந்து மணிக்கு அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பின் கேட் வழியாகப் போகலாம் வா என்றாள். வழக்கமாக நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நாலாம் லைனுக்கு அப்போது டீ நேரம். மூக்குக் குத்திய பெண் வெயிலில் சுவரோரம் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தாள். பத்து நாளாகச் சொல்லிப் பழகியிருப்பாள் போல, தமிழில் தெளிவாகக் கேட்டாள்.

"அக்கா. எவ்ளோ?"

கித்னாக்காவிடம் அந்தக் கேள்வியை யாரும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, விரலையும் காட்டி எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "கியாரா. கியாரா ஹஜார். ஆட் கண்டா." பதினொன்று. எட்டு மணி நேரம்.

அந்தப் பெண் விரல்களைப் பார்த்தாள். இன்னொரு முறை காட்டச் சொன்னாள். இவள் காட்டினாள். அவள் திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். டீ டம்ளர்கள் அப்படியே நின்றன. ஒருத்தி என்னைப் பார்த்தாள். அதுவரை நான் அவளைத் திருடியைப் பார்க்கிறது போலத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அவள் என்னை அப்படிப் பார்த்தாள். எட்டு மணி நேரத்துக்குப் பதினொன்று வாங்கிக்கொண்டு இவ்வளவு நாள் எதிரிலேயே நின்றவள் நான்.

"வா, பஸ் போயிடும்" என்றாள் கித்னாக்கா.

நான்கு நாள் கழித்து நாலாம் லைன் டீக்குப் பிறகு போர்டுக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அரை மணி நேரம் நின்றார்களாம். எழுதிக் கொடு என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பின் கேட்டில் அதே வேன்தான் வந்து நின்றது, அதே டிரைவர்தான் கதவைத் திறந்தான். இறங்கியவர்கள் இருபத்துநான்கு பேரும் புதிது. மூக்குக் குத்திய பெண் எங்கே போனாள் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "ஊருக்கு" என்றார். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அவள் பெயர் தெரியாது.

கித்னாக்காவை அதற்குப் பிறகு இரண்டு முறை பஸ்ஸில் பார்த்தேன். திரும்பவும் ரோஜாத் தோட்டத்துக்கே போகிறாளாம். பக்கத்துப் பாத்திக்காரியிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன் என்றாள். எவ்வளவு, எத்தனை மணி நேரம், இரண்டையும். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துவிட்டாள். டோல்கேட்டில் சீட்டுக் கிழிக்கிறவளாம். எவ்ளோ என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எட்டுக்கு எட்டு. என் பெண்ணை இப்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். டி.வி.யில் அந்த நான்கு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் சேனலை மாற்றிவிடுகிறேன்.

போன வாரம் தண்ணீர்க் குழாயில் புது வேன் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகக் கேட்டது. "கித்னா?"

அவள் பதில் சொல்லவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, என் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினாள். "ஆப்?"

நீ எவ்வளவு என்கிறாள். எனக்குப் பன்னிரண்டு. பதினொன்றும் படி ஒன்றும் பன்னிரண்டு, வேலை நேரமும் பன்னிரண்டு. எதைக் கேட்டாலும் இப்போது எனக்கு அதே எண்தான். "பாரா" என்றேன்.

அவள் கண் விரிந்தது. பாட்டிலை மூடாமலே திரும்பி, தன் லைனைப் பார்த்து வேகமாக நடந்தாள். அந்த வேகத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். பத்தடி போயிருப்பாள். என் பின்னால் சூப்பர்வைசர் லைனுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நான் போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கண்டா" என்றேன். "பாரா கண்டா."